உதடு படாத மூச்சு

பிச்சுமணி அடுப்பை ஊதினால் யூதத் தெருவில் காயப்போட்ட சுக்கெல்லாம் தும்மும் என்று எங்கள் மட்டாஞ்சேரியில் சொல்வார்கள். கிளப்பிவிட்டது பக்கத்து வீட்டில் இருக்கும் நான்தான், ஆனாலும் பாதி நிஜம். கல்யாணச் சமையல்காரர். பெரிய வார்ப்பு உருளி கொதிக்கிற இரைச்சலுக்கு மேலே அவர் குரல் கேட்கும்.

போன துலா மாசம், அதாவது ஐப்பசியில், அவருக்குக் கால் மரத்தது. நரம்பைப் பிடிக்கிற ஏதோ நோய். பாதத்தில் தொடங்கி மார்புவரை ஏறிவிட்டது. சிகிச்சையில் கால் திரும்பி வந்தது. மூச்சு வந்ததா என்பதுதான் கேள்வி. கலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருஷ்ணபிரசாத் தீர்மானமாகச் சொன்னார்: மூச்சை இழுக்கும் தசைகளின் பலத்தை அளக்க வேண்டும். குறைவென்றால் தினமும் முகமூடி மெஷினோடுதான் தூக்கம். அடுப்படியை மறந்துவிட வேண்டியதுதான்.

கருவி கைக்கு அடக்கமானது. மூக்கில் கிளிப். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, அடைத்துப்போன இளநீர்க் குழலை உறிஞ்சுவதுபோல் இழுக்க வேண்டும். இழுப்பின் பலம் எண்ணாகத் தெரியும்.

"நல்லா இழுங்க சுவாமி, விடாதீங்க," என்றாள் பரிசோதனை செய்கிற ஷபானா.

எண் படுத்தே கிடந்தது. மறுபடி இழுத்தார். அப்போதும் அப்படியே.

"மெஷின் வேண்டிவரும்," என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை," என்றார் பிச்சுமணி.

அப்போதுதான் கூட வந்த மனைவி அம்மிணி கிட்டே போய்ப் பார்த்தாள். "ஏன்னா, எதுக்கு அண்ணாந்துக்கறேள்? இது காப்பியா?"

பிறந்ததிலிருந்து எந்தப் பாத்திரத்திலும் அவர் வாய் வைத்ததில்லை. எச்சில். காப்பியானாலும் ரசமானாலும் தூக்கித்தான் குடிப்பார். குழாயையும் உதட்டுக்கு ஒரு நெல்லிடை தள்ளியே பிடித்திருந்தார். கை மறைத்ததால் ஷபானாவுக்குத் தெரியவில்லை. சத்தியமாக அவருக்கே தெரியவில்லை.

"புதுசுதான் சுவாமி, ஆரும் வாய் வெச்சதில்ல," என்றாள் ஷபானா.

"எனக்கப்பறம்?"

"குப்பையில போடுவோம்."

அவர் யோசித்தார். அம்மிணி பொறுக்கவில்லை. "ஊருக்குச் சமைச்சு விளம்பினது போறும்னா மெஷினைக் கட்டிண்டு படுத்துக்கோங்கோ. இல்லேன்னா கவ்வுங்கோ."

கவ்வினார். எண் கொஞ்சம் எழும்பியது. இருமல் வந்ததும் எண் விழுந்தது. மறுபடி கவ்வினார். நெற்றி நரம்பு புடைத்தது.

"போதும், ரெஸ்ட் எடுக்கலாம்," என்றார் டாக்டர்.

"அதை ஆத்துல எடுத்துக்கறேன். நீ பிடி, குழந்தே."

இந்தத் தடவை எண் ஏறி நின்றது. முழு பலம் இல்லை. மெஷின் வேண்டாம் என்கிற கோட்டுக்கு மயிரிழை மேலே. அடுப்புக்கு அது போதாது என்று சொல்லி, டாக்டர் இழுத்துப் பழக ஒரு ஸ்பிரிங் குழாய் கொடுத்தார்.

வீட்டில் அதற்கென்று ஒரு தனி மாடம். தொட்டால் கை அலம்பல். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. அவர் இழுத்த இழுப்பில் என் ஜன்னல் திரை அவர் வீட்டுப் பக்கம் திரும்பியதை நானே பார்த்தேன், நம்பாதவர்கள் போகட்டும்.

மார்கழியில், தனு மாசம், மறுபடி அளந்தார்கள். "பாத்திரம் தூக்காமல் நின்று சொல்லிக்கொடுக்கலாம்" என்று உத்தரவு வந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கே கல்யாண வீட்டு மடப்பள்ளியில் நுழைந்தார். ஓலன் என்கிற தேங்காய்ப்பால் கூட்டுக்கு நறுக்கிவைத்த வெள்ளைப் பூசணியைப் பார்த்தார்.

"ஓலனுக்குக் கும்பளங்காயை இப்படியா அரியறது, விறகு பிளந்தாப்பல, பயறு வேகலை, தேங்காப்பால் எங்கே, உங்களை நம்பி நான் ஆஸ்பத்திரில கிடந்தேனே, எடுங்கோடா கத்தியை."

நடுவில் மூச்சு வாங்கவே இல்லை.