கையில் எழும்பிய வலை

காத்தான்குடியில் ஸுஹைனாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளுடைய கையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இல்லை. வயது இருபத்தொன்பது. புருஷன் நௌஷாட் கட்டாரில். கலியாணப் பெண்களுக்கு மருதோன்றி போடுவது தொழில். மற்றவர்கள் மாதிரிக்குப் போனில் படம் காட்டுவார்கள். ஸுஹைனா சட்டைக் கையை மடித்துவிட்டு, ஹிஜாப் குத்தும் ஊசியின் உருண்டைத் தலையால் தன் முன்கையின் வெறுந்தோலில் கீறுவாள். மணப்பெண் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கீறிய கோடெல்லாம் சிவந்து தடித்து, கொடியும் இலையுமாக எழும்பி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் அழிக்கத் தேவையில்லை. அரை மணி நேரத்தில் தானாகவே அடங்கி, தோல் ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி ஆகிவிடும்.

சின்ன வயதில் பன்பாயில் படுத்தெழும்பினால் பகல் வரைக்கும் பாயின் பின்னல் அவள் முதுகில் கிடக்கும். எட்டாம் வகுப்பில் கூட்டாளிகள் அவள் புறங்கையில் கணக்குக்கு விடை கீறி வைத்தார்கள். ரீச்சர் கையும் களவுமாகப் பிடித்து அதிபரிடம் இழுத்துப் போனார். அதிபர் ஆற அமரக் கண்ணாடி தேடிப் போட்டுப் பார்த்தபோது கையில் ஒரு புள்ளி கூட இல்லை. பிள்ளையை வீணாகக் குற்றம் சாட்டியதற்கு ரீச்சர்தான் மன்னிப்புக் கேட்டார். இன்னொரு நாள் வாவிக் கரையில் இருந்து முன்கையில் ஒரு செத்தல் மீன் கீறினாளாம், காகம் ஒன்று இறங்கி வந்து கொத்திவிட்டுப் போனதாம். கொத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

ஒரேயொரு முறை ஒருத்தி அந்தக் கையைப் படம் எடுத்து முகநூலில் போட்டாள். எழுபது பேர் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும் என்று துஆச் செய்து, பாதிப் பேர் எண்ணெயும் கைமருந்தும் எழுதியிருந்தார்கள். அன்றைக்கே ஸுஹைனா ஒரு சட்டம் வைத்தாள்: படம் எடுக்கக் கூடாது, ஒரு கோலத்தை இரண்டாம் முறை கீறுவதுமில்லை.

அப்படிப்பட்ட கைக்குத்தான் போன வருசம் சோதனை வந்தது. தங்கச்சி ஹப்ஸாவுக்கு ஏறாவூரில் ஒரு சம்மந்தம் பேச்சாயிற்று. மாப்பிள்ளை றிப்ஷான், நல்ல பிள்ளை. ஹப்ஸாவுக்கும் மனம். ஆனால் ஏறாவூரில் யாரோ பற்ற வைத்துவிட்டார்கள், பெண்ணின் ராத்தா ஸுஹைனாவுக்குத் தோலில் பாம்பு நெளிகிற வருத்தமாம் என்று. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடி வரவேண்டும். ஸுஹைனாவின் தலைக்கு மேல், பாதி கட்டிக் கிடக்கும் மேல்மாடிதான் ஹப்ஸாவின் சீதன வீடு. ஒட்டுமோ, நாளைக்குப் பிள்ளைகளுக்கு வருமோ என்று மாப்பிள்ளையின் உம்மா யோசிக்கிறாவாம். சம்மந்தம் பேசும் மாமி வந்து உம்மாவின் காதில் ஓதினா: இந்தக் கிழமை அங்கிருந்து ஒரு பொம்பிளை மருதோன்றி போடுகிற சாட்டில் வருவா. யாரென்று சொல்லமாட்டார்கள்.

அது அங்கே வழக்கம்தான். நேரே வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் இரண்டு வீட்டுக்கும் முகமுறிவு. ஆகையால் சீலை விற்கிறவளாக, விலாசம் கேட்கிறவளாக வந்து, பெண்ணையும் வீட்டையும் எடைபோட்டுவிட்டுப் போவார்கள்.

உம்மா அஸீமா அலுமாரியிலிருந்து குளிசை மட்டையை எடுத்தா. இரண்டு வருசத்துக்கு முன் டொக்டர் தந்தது. இது ஒட்டுகிற வருத்தமில்லை, ஆளைக் கொல்லவும் கொல்லாது, அரிப்புத் தாங்கேலாத நாளில் ஒன்று போடுங்கள் என்றார் அவர். ஒன்று போட்டால் நாள் முழுக்கத் தோல் பிளாஸ்டிக் மேசைவிரிப்பு மாதிரிக் கிடக்கும். எதைக் கொண்டு கீறினாலும் ஒன்றும் எழும்பாது. அதனால்தான் ஸுஹைனா அதைத் தொடுவதேயில்லை.

"தங்கச்சிர வாழ்க்கை மகள்," என்றா உம்மா. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் முதல் குளிசை. சட்டைக் கை மணிக்கட்டு வரை இறங்கியது. அரிப்பு நின்றது, ஆனால் அது எங்கேயும் போகவில்லை, விரலுக்குள் இறங்கிவிட்டது. இடியப்ப மாவில் கீறினாள். கண்ணாடிப் புழுதியில் கீறினாள். சோற்றுக் கோப்பையில் பருப்பால் ஒரு கொடி இழுத்துவிட்டு அதைச் சாப்பிட மனமில்லாமல் எழும்பினாள். வந்த பெண்கள் கையை நீட்டச் சொன்னார்கள். கடையில் வாங்கிய கோலக் கொப்பி ஒன்றைக் காட்டினாள். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். வருகிற ஒவ்வொருத்தியும் ஏறாவூர்க்காரியாகத் தெரிந்தாள். இருமுகிறவள் வேண்டுமென்றே இருமுகிறாள், தண்ணி கேட்கிறவள் குவளையைச் சோதிக்கிறாள்.

புதன்கிழமை வந்தவ சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியும் கைப்பையுமாக வந்து, மருதோன்றியைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, மேலே வீடு கட்டுகிறீர்களோ என்றா. மாடிப்படி ஏறினா. குழாயைத் திறந்து பார்த்தா, ஜன்னலை எண்ணினா, பூச்சு எப்ப முடியும், தண்ணி உப்போ என்று கேட்டா. உம்மாவுக்குப் பிரஷர் ஏறியது. வட்டிலப்பம் வந்தது, கோழிப் பொரியல் வந்தது, ஹப்ஸா புதுச் சல்வாரில் வந்தாள். ஸுஹைனா வலியப்போய்க் கையைச் சுரண்டிக் காட்டினாள். ஒரு கோடும் இல்லை. அந்த மனிசி திருப்தியாகச் சாப்பிட்டு, நம்பர் வாங்கிக்கொண்டு போனா.

முடிந்தது கண்டம். வியாழக்கிழமை காலையில் ஸுஹைனா குளிசை மட்டையை அலுமாரியின் அடியில் எறிந்தாள். பகல் சாய்கிறபோது தோல் உயிர்த்தது. மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்தது போல் அவ்வளவும் ஒன்றாய் அரித்தது.

அந்த நேரம் பார்த்து, கம்பி முறிந்த குடையோடு ஒரு வயதான மனிசி வந்து கதவோரத்தில் இருந்தா. பஸ்ஸைத் தவற விட்டுவிட்டாவாம், சும்மா ஒரு பொட்டு வைத்தால் போதுமாம். ஸுஹைனா விடுவாளா. சட்டைக் கையைத் தோள்மட்டும் சுருட்டினாள்.

"கொடியும் பூவும் எல்லாக் கையிலயும் கிடக்கு மகள்," என்றா அந்த மனிசி. "எங்கட மூத்தவாப்பா வாவியில வலை வீசுவார். அது விரியிற விரிச்சல் இருக்கே, அதக் கீறுவியா?"

ஸுஹைனா கீறினாள். மணிக்கட்டில் கயிறு முடிந்தது, புறங்கை முழுக்க வலை விரிந்தது, கண்ணுக்குக் கண் பிடித்துக்கொண்டு விரலடியில் ஈயக்குண்டுகளாக இறங்கியது. இடையில் மீன். யோசித்துக் கீறவில்லை. மூன்று நாள் பட்டினி கிடந்த கை தானாக ஓடியது. வலை எழும்ப எழும்ப அந்த மனிசி கண்ணை மூடி விரலால் ஒவ்வொரு கண்ணாகத் தடவினா.

"இது சொறியா மகள்?"

"சொறிதான் மாமி. ஆனா ஒட்டாது."

"அரிச்சுக் கடிக்குமோ?"

"கீறினாக் கடிக்கும். கீறாட்டி அதவிடக் கடிக்கும்."

"உங்கட வீட்டில வேற ஆருக்கும்?"

"தங்கச்சிக்கு இல்ல. அவள்ர தோல் பலாப்பலகை. பத்து வயசில நானே கீறிப் பாத்தன், அழுகை மட்டும்தான் வந்திச்சு."

மனிசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. வலை மெல்ல மெல்ல அடங்கி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு உள்ளங்கையில் ஒரு பொட்டை வைத்துக்கொண்டு, முறிந்த குடையை விரித்துக்கொண்டு போனா.

அவ தெரு முடக்கைத் தாண்டியிருக்கமாட்டா, உம்மாவின் போன் அடித்தது. புதன்கிழமை வந்த மூக்குக்கண்ணாடி. ஓட்டமாவடியிலிருந்து மாற்றலாகி வந்த ரீச்சராம். மேல்மாடி வாடகைக்குத்தானே, கரண்ட் பில்லும் அதற்குள் அடங்குமோ என்று கேட்டா. உம்மா போனை வைத்துவிட்டு ஸுஹைனாவின் கையைப் பார்த்தா. கதவோரக் கதிரையைப் பார்த்தா.

"இப்ப வந்திட்டுப் போனது ஆருகா?"

ஸுஹைனா சட்டைக் கையை இறக்கிவிட்டாள். சொறிதான் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.

நாலு நாள். ஹப்ஸா ராத்தாவைக் குறை சொல்லவில்லை, அதுதான் பெரிய வேதனை. ராத்தா ராத்தா என்று முந்தியைவிட அன்பாகக் கூப்பிட்டாள். ஸுஹைனா படிக்கும் வாசலுக்குமாக நடந்து சீமெந்து தேய்ந்தது. குளிசையைத் தேடி அலுமாரியின் அடியில் கையை விட்டுப் பார்த்தாள். எறிந்தது எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை சம்மந்தக்கார மாமி சிரித்துக்கொண்டு வந்தா. குடையோடு வந்தவ றிப்ஷானின் சொந்த உம்மாவேதான். சரியாம். ஒரேயொரு நிபந்தனை: மருதோன்றி நாளன்று மருமகளுடைய இரண்டு கையிலும் அந்த வலை இருக்கவேண்டும். வேறொன்றுமில்லை, அதே வலை.

எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள், ஸுஹைனா மட்டும் கதிரையில் பொத்தென்று இருந்தாள். அந்த வலையை அவள் சரியாகப் பார்க்கவேயில்லை. பார்த்தது அந்த மனிசி. படமும் இல்லை, கொப்பியும் இல்லை, தான் வைத்த சட்டம் தன்னையே கட்டிப்போட்டது.

கலியாணத்துக்கு நாற்பது நாள். முதலில் இடது கை, பிறகு வலது, பிறகு முழங்காலுக்குக் கீழே. கயிறு வந்தது, கண்கள் வந்தன, ஆனால் எங்கோ ஒன்று பொருந்தவில்லை. கண் பெரிதா, மீன் சிறிதா, ஈயக்குண்டு எத்தனை. ஹப்ஸா பக்கத்திலிருந்து எண்ணினாள்: இது பதினாலாவது ராத்தா, இது பத்தொன்பது. தோல் கன்றிப்போய்த் தாங்கேலாமல் ஒரு நாள் குளிசை கேட்டாள். உம்மா அலுமாரியடியிலிருந்து மட்டையை எடுத்துக் கொண்டுபோய் மிளகாய்த்தூள் போத்தலுக்குள் ஒளித்து வைத்திருந்தா.

"அதத் தொட்டாக் கைய உடைப்பன்," என்றா.

மருதோன்றி நாளும் வந்தது. றிப்ஷானின் உம்மா நேரத்தோடு வந்து, அதே கதவோரக் கதிரையில் இருந்தா. குடை புதிது. ஸுஹைனா இருபத்தேழாவது வலையைக் கீறினாள். எழும்பியது. மனிசி கண்ணை மூடி, கயிற்றிலிருந்து குண்டு வரைக்கும் தடவினா. நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது.

"இதேதான். ஒரு கண்ணும் மாறல்ல."

சொன்னபோது அவ வாயின் ஓரம் சற்று மடிந்தது போலிருந்தது. சரியாகப் பார்க்க நேரமில்லை. வலை அடங்க அரை மணி நேரம், ஹப்ஸாவின் கைகள் இரண்டு. தன் கையைப் பார்ப்பதும் தங்கச்சியின் கையில் மருதோன்றிக் கோனை ஓட்டுவதுமாக ஸுஹைனா பறந்தாள். இரண்டாம் கையின் கடைசி விரலில் குண்டு வைக்கிறபோது அவளுடைய மணிக்கட்டில் கயிறு மறைந்துகொண்டிருந்தது.

பெண்கள் குரவை போட்டார்கள். அப்போது முழங்கைக்குக் கீழே, ஒன்றும் கீறாத இடத்தில், ஒரு அரிப்பு. ஸுஹைனா கோனை வைத்துவிட்டு ஊசியின் தலையால் நினைவில்லாமல் கீறினாள். மீன் ஒன்று எழும்பியது. ஆனால் வலைக்குள் இருந்த மீன்களைப் போல உள்ளே பார்க்கவில்லை, வாலில் மட்டும் வலைக் கண் இரண்டு மாட்டிக் கிடக்க, தலையை வெளியே நீட்டியிருந்தது. வியாழக்கிழமை வலையில் கை கீறிய மீன். இருபத்தேழு தடவையும் வராதது இதுதான்.

ஹப்ஸாவின் கைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஸுஹைனா நிமிர்ந்து பார்த்தாள். கதவோரக் கதிரையிலிருந்து றிப்ஷானின் உம்மா அவளுடைய முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. ஸுஹைனா சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டு மட்டும் விட்டாள். அவ புதுக்குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னுமொரு தேத்தண்ணி கேட்டா.