அட்டையின் வெள்ளைப் பாதி

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, எனக்கு நாலு பேர் முன் பேச வராது. அதனால் எங்கள் அண்ணையைப் பற்றி எழுதித் தருகிறேன்.

அண்ணை பருத்தித்துறையில் பிறந்தார். ஐயா வேளைக்கே கண்மூடியதால் படிப்பை விட்டுவிட்டுத் தங்கைகளான எங்கள் மூவரையும் கரைசேர்த்தார். கிளிநொச்சியில் அண்ணியைக் கைப்பிடித்தார். இரண்டாம் வருடம் லண்டனுக்கு வந்தார். விசா சரிவந்ததும் அண்ணியைக் கூப்பிடுவதாக இருந்தது. அது சரிவந்தபோது வன்னியில் இறுதி யுத்தம். அண்ணி முகாமிலும் இல்லை, ஆஸ்பத்திரிப் பட்டியலிலும் இல்லை. இன்றுவரை ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

லண்டனின் குட்மேய்ஸில் ஓர் அறையில் தனியே இருந்துகொண்டு, ஒரு பிரபுக் குடும்பத்தின் பழைய மாளிகையில் துப்புரவு வேலை செய்தார். இப்போது அதை மக்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒருநாள் என்னையும் கூட்டிச் சென்றார். மாடிப்படிக்கு மேலே பெரிய சதுரப் பலகை ஒன்று, முனை கீழே பார்க்கத் தொங்கியது. நடுவில் ஒரு கேடயம். அதன் இடப்பாதியில் சிங்கம், வலப்பாதியில் கதிர்க்கட்டுகள்.

"என்னண்ணை இது?"

"குடும்பச் சின்னம், பிள்ளை. ஆள் செத்தால் இப்பிடிக் கீறி வாசலிலை தொங்கவிடுவினமாம். சிங்கம் புருசன்ரை பக்கம், கதிர் மனுசியின்ரை பக்கம்."

"எங்களுக்கும் ஒண்டு கீறுவமே?"

"எனக்கெண்டா மொப்பும் வாளியும்தான்" என்று சிரித்தார்.

சிங்கத்துக்குப் பின்னால் கறுப்பும் கதிருக்குப் பின்னால் வெள்ளையும் பூசியிருந்தார்கள். அதையும் அண்ணை விளக்கினார்.

"கறுப்பு, போன ஆளுக்கு. வெள்ளை, இருக்கிற ஆளுக்கு. ரெண்டுபேரும் போனால் முழுக்கக் கறுப்பு."

நான் யோசியாமல் வாய்விட்டேன். "அண்ணிக்கு ஒரு திவசமாவது செய்யுங்கோவன், அண்ணை."

அவர் பலகையின் வெள்ளைப் பாதியைக் காட்டினார். "அவள் இல்லையெண்டு ஆர் கண்டது? என்ரை கையாலை கறுப்படிக்க ஏலாது."



நுரையீரலில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெருங்கிய உறவு யார் என்று தாதி கேட்டபோது அண்ணியின் பெயரைச் சொன்னார். தொலைபேசி எண் கேட்டார்கள். அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் எண்ணைக் கொடுத்தேன். பதினோராம் நாள் போய்விட்டார்.

மலர் அச்சடிப்பவர் கேட்டார்: "அக்கா, அண்ணியின்ரை பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடுறதோ, விடுறதோ?"

"போடு பிள்ளை, சனம் என்ன சொல்லும்?" என்றார் சித்தப்பா. நான் அந்தச் சொல்லைப் போடவில்லை. சித்தப்பா என்னை மன்னிக்க வேண்டும்.

பிளேஸ்டோவிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த தங்கைக்கும், அண்ணையின் ஷிப்டையும் சேர்த்துச் செய்த மாளிகைத் தோழர்களுக்கும், தோள்கொடுத்த எல்லோருக்கும் நன்றி. அண்ணியை எங்காவது கண்டவர்கள் உங்களில் இருந்தால், எந்த நேரமானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இம்மலரின் அட்டையில் அண்ணையின் படத்துக்குப் பின்னால் இடப்பாதி கறுப்பு. வலப்பாதி வெறும் வெள்ளையாக இருக்கிறது. அது அச்சகத்தாரின் பிழை அல்ல.