திரையில் வந்த குழந்தை

அடையாறில் உள்ள எங்கள் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களோடு பழகுவதற்காக ஒரு விளையாட்டு வைத்தார்கள். அவரவர் கொடுத்த குழந்தைப் பருவப் படத்தைத் திரையில் போடுவார்கள். அது யாரென்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். எச்.ஆர். அதிகாரிதான் மைக் பிடித்திருந்தார்.

கவுன் போட்ட ஒரு கறுப்புக் குழந்தை திரையில் சிரித்தது.

"லைட்ட போடுங்கப்பா, பல்லு மட்டும்தான் தெரியுது" என்றார் அவர்.

சிரிப்பு அடங்குவதற்குள், தினமும் என்னோடு சாப்பிடும் தோழி என் பெயரைக் கத்தினாள். எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். குழுவில் நான்தான் கறுப்பு என்று எனக்குத் தெரியும். அது இத்தனை பேர் மனதிலும் முதலில் வந்து நிற்கும் என்று தெரியாது.

"அது நான் இல்ல" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க மேடம், வேற யாரு?" என்றார் அதிகாரி.

கடைசி வரிசையில், அந்த வாரம்தான் வேலையில் சேர்ந்த பெண் எழுந்தாள். "சார், அது நான்."

"ஓ, சூப்பர்!" என்று அவர் அடுத்த படத்தைப் போட்டார். அது என்னுடையது. இந்த முறை ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை.

நான் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்க எப்பவும் இப்படித்தானாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளை வெளியே அழைத்து வந்தேன்.

மறுநாள் இருவரும் சேர்ந்து நிர்வாகத்திடம் புகார் கொடுத்தோம். அந்த விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். அதிகாரியும் மன்னிப்புக் கேட்டார். என் தோழிதான், "ஒரு ஜோக்குக்குப் போய் கம்ப்ளெயின்ட்டாடி?" என்று இன்னமும் ஆச்சரியப்படுகிறாள்.