படகு ஓடாத நாளுக்கு வைத்த குளிசை

என் அண்ணன் மனைவி றஞ்சனியைப் பற்றி நெடுந்தீவில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுசி என்றுதான் சொல்வார்கள். அந்த நல்ல பெயர்தான் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது. இதையெல்லாம் திரும்பச் சொல்லவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு யூலியட் கோபத்தில் சொல்லித் திரிந்த கதைதான் ஊரில் நிற்கும்.

றஞ்சனி மாடு வைத்துப் பால் விற்பவள். அவளிடம் ஒரு பழைய பால்மாத் தகரப் பேணி இருந்தது. அதற்குள் பாலும் இல்லை, மாவும் இல்லை, முழுக்க மருந்துக் குளிசைகள். மாரி வந்து கடல் கொந்தளித்தால் எங்களுக்குப் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் கடையில் மரக்கறி கிடையாது, காஸ் கிடையாது. அதனால் எதிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைப்பது இங்கே எல்லாருக்கும் பழக்கம். அரிசி, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி என்று வைப்போம். றஞ்சனி அந்த வரிசையில் கிருமி கொல்லுகிற குளிசையையும் சேர்த்துவிட்டாள்.

ஆசுப்பத்திரியில் ஒரு கிழமைக்கென்று குளிசை கொடுத்தால் மூன்றாம் நாள் சுகம் தெரிந்ததும் மீதி பேணிக்குள் போகும். அயலட்டையில் உள்ளவர்களும் தங்கள் மிச்சத்தைக் கொண்டுவந்து போடுவார்கள். பல்லுக் கொதி, காதுக் குத்து, கொப்புளம், எது வந்தாலும் அவளுடைய படலையில்தான் வந்து நிற்பார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

என் அண்ணன் தயாபரனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. போன வருடம் மாடு ஒன்று கல்வேலியைப் பாய, மேலே இருந்த கல் உருண்டு அவருடைய வலது காலில் விழுந்தது. சின்னக் காயம்தான். ஆசுப்பத்திரியில் குளிசை கொடுத்தார்கள். காயம் காய்ந்தது, மிச்சம் பேணிக்குள் போயிற்று. பிறகு காயம் வாய் திறந்தது. பேணியில் இருந்து நாலைந்தை எடுத்துக் கொடுத்தாள். காய்ந்தது. திரும்பவும் திறந்தது. வருடம் முழுக்க இதே கூத்து. "ஒழுங்கா மருந்து எடுங்கோ அண்ணை" என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் வற்றியது. இரண்டு விரல்கள் கறுத்து, மணம் படலை வரைக்கும் வந்த பிறகுதான் அந்த மனுசனைப் படகேற்றிக் குறிகட்டுவான் துறையில் இறக்கி, பஸ்ஸில் தூக்கிப்போட்டு, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனோம்.

ஆசுப்பத்திரி வாட்டில் கிருசாந்தி என்று ஓர் இளம் டொக்டர். ஒருநாள் கையில் பரிசோதனைத் தாளோடு வந்தாள்.

"இந்தக் காயத்துக் கிருமியை எடுத்து ஒவ்வொரு மருந்தாப் போட்டுப் பாத்தம் அம்மா. வழமையாக் குடுக்கிற ஒண்டுக்கும் சாகுதில்லை. ஒரு ஊசிக்கும் ஒரு குளிசைக்கும்தான் சாகுது."

"முந்திச் செத்ததுதானே பிள்ளை? காயம் காஞ்சதே" என்றாள் றஞ்சனி.

"முந்தி அந்தக் குளிசை கிருமியின்ர சுவரை உடைச்சுச் சாக்காட்டினது. ஆனா நோஞ்சான் கிருமியள்தான் முதல்ல சாகும். அதோட நோவும் குறையும், காயமும் காயும். நீங்கள் அந்த இடத்தில நிப்பாட்டினால் ஆர் மிச்சம்? பலமானதுகள். பிறகு பெருகிறதும் அதுகள்தான்."

றஞ்சனி தாளை வாங்கிப் பார்த்தாள். "நல்ல இனமாப் பாத்து மாட்டுக்குக் கண்டுக்குட்டி எடுக்கிற மாதிரி" என்றாள். "அப்ப நான்தான் வளத்திருக்கிறன்."

டொக்டர் தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள். "எங்கட இரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுவும் கிருமியை விழுங்கும் அம்மா. நீங்கள் துடைக்கிற சீழ் முழுக்க அந்தச் சண்டையில செத்ததுகள்தான். சீனி கூடினால் அதுகளும் சோர்ந்து போகும். ஐயாவுக்கு அந்தப் பக்கத்தாலயும் பெரிய உதவி இல்லை."

சோர்ந்து போகும் என்றதும் எனக்கு அந்த வெள்ளை அணுக்கள் மேல் பாவமாக இருந்தது. நானும் வந்த நாள் முதல் கதிரையில் இருந்தபடியே கண்ணயர்கிறவள்.

கறுத்த விரல்களை எடுத்தார்கள். ஊசி ஏற்றினார்கள். காயத்தின் மேல் வெள்ளி சேர்ந்த ஒரு துணி வைத்துக் கட்டினார்கள். வெள்ளியும் கிருமியைக் கொல்லுமாம். அண்ணைக்கு அந்த நிலைமையிலும் பகிடி. "உமக்கு ஒரு வெள்ளிக் கொலுசு வாங்கித் தரேல்லை றஞ்சி. எனக்குக் காலில வெள்ளி கட்டுறினம், பாரும்." அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் குளிசைகளை அவள் கையில் கொடுத்துச் சொன்னாள்: "ஒண்டும் மிஞ்சக் கூடாது அம்மா. திரும்பக் கிருமி கிளம்பினால் காலைக் கழட்ட வேண்டி வரும்."

ஊருக்கு வந்ததும் றஞ்சனி பேணியில் இருந்ததை எல்லாம் ஆசுப்பத்திரியில் கொண்டுபோய் ஒப்படைத்தாள். வெறும் பேணியைக் கழுவி அலுமாரிக்கு மேல் வைத்தாள். காலையும் மாலையும் பால் கறக்கப் போகுமுன் மட்டையில் இருந்து ஒரு குளிசையை எடுத்து அண்ணையின் உள்ளங்கையில் வைப்பாள், பக்கத்தில் தண்ணீர் வைப்பாள், பட்டிக்கு ஓடுவாள். காயம் நன்றாகக் காய்ந்துகொண்டு வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. படகு நின்றது. ஒரு பின்னேரம் யூலியட் நனைந்தபடி ஓடிவந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு நெருப்பாக் காயுது. தொண்டை நோவெண்டு அழுகிறாள். ரெண்டு குளிசை தாங்கோ."

"இல்லை யூலியட்."

நான் அடுக்களை வாசலில் நின்றேன். றஞ்சனியின் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"என்னக்கா இல்லை? உந்தா மேசையில கிடக்கே!"

"அது அவற்ற கால். அதில ஒண்டும் குறைக்கேலாது. வா, ஆசுப்பத்திரிக்குப் போவம். நான் கூட வாறன்."

"உங்கட மனுசன்ர கால் பெரிசு, என்ர பிள்ளை பெரிசில்லை, என்ன? நான் கொண்டுவந்து போட்ட குளிசையையும் எல்லே வைச்சிருந்தனீங்கள்!"

றஞ்சனி குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். மூவரும் மழைக்குள் நடந்தார்கள். ஆசுப்பத்திரியில் பார்த்துவிட்டு, இது வேறு விதமான காய்ச்சல், அந்தக் குளிசைக்கு இதில் வேலையே இல்லை என்று காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். வழி நெடுக யூலியட் முகம் கொடுக்கவில்லை. குளிசையை வைத்துக்கொண்டே றஞ்சனி இல்லை என்றாள் என்றுதான் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

தெப்பமாய் நனைந்து வந்தவள் தலை துடைக்க அலுமாரிக்கு மேல் கிடந்த துவாயை இழுத்தாள். பேணி உருண்டு விழுந்தது. வெறும் பேணி கிலுகிலுவென்று சத்தம் போட்டது.

மூடியைத் திறந்தாள். உள்ளே அந்தக் குளிசைகள். அவள் அண்ணையின் உள்ளங்கையில் வைத்தவை.

"இஞ்சேருங்கோ, இதென்ன?"

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். "காயம்தான் காஞ்சிட்டுதே றஞ்சி. கடலும் பிழை, படகும் இல்லை. ஆரும் வந்து கேட்டால் இல்லையெண்டு சொல்ல உமக்கு ஏலாது. நீர் வெறுங்கையோட நிக்கக் கூடாதெண்டு..."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பேசியதெல்லாம் நான்தான். விசரன், பேயன், வாயில் வந்த எல்லாம் சொன்னேன். சொல்லி என்ன, காலில் இருந்த துணிக்கட்டை அவிழ்த்தபோது காயத்தின் ஓரம் ஈரமாக இருந்தது.

உடனே அண்ணையை இங்குள்ள ஆசுப்பத்திரியில் சேர்த்தோம். கையில் இருந்த மருந்தை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். கடல் அடங்கி யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

இப்போது மற்றக் காலில் ஒரு சின்னப் புண். அதற்கும் குளிசை. போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பட்டியில் பால் கறக்காத மாடுகள் கத்திக்கொண்டு நின்றன. றஞ்சனி அசையாமல் அண்ணைக்கு முன்னால் நின்றாள்.

"வாயைத் திறவுங்கோ. நாக்கைத் தூக்குங்கோ."

"விழுங்கிட்டன் எண்டிறன். என்னை நம்ப மாட்டீரே?"

"முந்தியும் நீங்கள் எனக்காகத்தானே ஒளிச்சு வைச்சனீங்கள்" என்றாள். "தூக்குங்கோ."

அண்ணை நாக்கைத் தூக்கினார். அவள் குனிந்து பார்த்தாள். யூலியட் கையில் மீனோடு எப்போது வந்து வாசலில் நின்றாளோ தெரியாது. மீனை அடுக்களைத் திண்ணையில் வைத்துவிட்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு அவளே பட்டிக்குப் போனாள்.