எட்டுப் பேருக்கு மட்டும் அனுமதி

என் மகளின் முடி கண்ணில் விழ ஆரம்பித்தபோதே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு அவ்வளவு முடி தாங்காது. வியர்த்து வியர்த்துத் தலை முழுக்க வேர்க்குரு. உச்சியில் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டால் இழுத்து எறிந்துவிடுவாள். அடையாறில் காட்டிய டாக்டர், முதலில் முடியை எடுங்கள், மருந்தெல்லாம் அப்புறம் என்றார். எடுக்கலாம்தான். எங்கே எடுப்பது என்பதுதான் சிக்கல். எங்கள் ஆட்களுக்கு முதல் முடி ஒரே இடத்தில்தான் இறங்கும். கோட்டூர்புரம் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஆற்றங்கரையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் வேரைச் சுற்றி என் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று. அதுதான் எங்கள் அம்மன். எனக்கு அங்கேதான் மொட்டை போட்டார்கள். என் தம்பிக்கும், மூன்று வீடு தள்ளிப் பிறந்த என் கணவருக்கும் அங்கேதான்.

அந்த வீடுகள் இப்போது இல்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது குடிசைகளை இடித்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் கரையைச் சீர்செய்து, செடி நட்டு, நடைபாதை போட்டு, சுற்றிலும் கம்பி வேலி கட்டினார்கள். மரம் வேலிக்குள் மாட்டிக்கொண்டது. அம்மா மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பஸ் மாறி வருவாள். பழைய அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் வருவார்கள். அங்கிருந்த வாட்ச்மேன் அண்ணன் கேட்டைப் பூட்டாமல் சும்மா சாத்தி வைப்பார். இவர்கள் உள்ளே போய் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடுவார்கள். யாரும் அனுமதி கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. ஒரு மனிதரின் நல்ல மனசை நம்பி எங்கள் சாமி இருந்தது. இதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். அம்மாவுக்குத் தலையணையில் தலை வைத்தால் போதும்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருவது என் வேலை. அங்கே பல் கட்டிக்கொள்ள வந்த ஓர் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் மரமும் பறவையும் காட்டச் சின்னச் சின்னக் குழுக்களை அந்தக் கரையில் நடத்திக் கூட்டிப்போகிறவர். முறையாக அனுமதி வாங்கியிருந்தார். ஒரு தடவைக்கு எட்டுப் பேர், கூட ஒரு வழிகாட்டி. நீ எந்தப் பக்கம் என்று பேச்சுவாக்கில் கேட்டார். ஆற்றங்கரை என்றேன். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

அவருடைய மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். அங்கே பாலைவனத்தின் நடுவில் செக்கச்செவேலென்று தனியாக நிற்கும் ஒரு பெரிய பாறைமலைக்கு அக்கா போய் வந்திருந்தார். அது அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்குச் சாமி. அந்த ஆட்களே சிறு சிறு குழுவாக அடிவாரத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போகிறார்களாம். சில கதைகளைச் சொல்வார்கள், சிலவற்றை வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்று நிறுத்திக்கொள்வார்கள். சில பக்கங்களில் போட்டோ எடுக்காதீர்கள் என்பார்கள், எல்லோரும் கேட்டுக்கொள்வார்களாம். அந்த மலையை அரசாங்கம் அவர்கள் பெயருக்கே திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டதாம். “அது மாதிரி இங்கே நீதான் கூட்டிட்டுப் போகணும். நான் சொல்றதவிட நீ சொல்றதுதான் சரி” என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆதிக்குடியாம். எங்கள் தாத்தா திண்டிவனம் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன். அம்மாவிடம் கேட்டேன். சாமியைப் பார்க்க யார் வந்தால் என்ன என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து நான்தான் வழிகாட்டி. நன்றாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் பேசுகிற தமிழை வீட்டிலேயே வைத்துவிட்டு, டிவியில் செய்தி வாசிக்கிற தமிழில் ஆறு, மரம், புற்று, ஆடி மாதக் கூழ் எல்லாம் சொல்வேன். மரத்தடிக்கு வந்ததும் போனைப் பையில் போடச் சொல்லிவிடுவேன். அம்மனுக்குப் போட்டோ ஆகாது என்பேன். அம்மனுக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஆகாதது வாட்ச்மேன் அண்ணனுக்கு. பூட்டாத கேட்டும் மஞ்சள் தண்ணீர்க் கறையும் படத்தில் வந்தால் அவர் வேலைக்கும் எங்கள் வெள்ளிக்கிழமைக்கும் ஆபத்து. ஆனால் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? சாமிக்கு ஆகாது என்றால் எல்லோரும் பயபக்தியோடு போனை உள்ளே வைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் அதே இடத்தில் அதே கேள்வியைக் கேட்பார்: இங்கே இருந்தவர்கள் எல்லாம் இப்போது எங்கே? அவர்களுக்கு மாற்று இடம் தரப்பட்டது என்று சொல்லிவிட்டு, வாருங்கள், அடுத்து நாரை பார்க்கலாம் என்று நகர்ந்துவிடுவேன். ஐயோ பாவம் என்பார்கள். நானும் அந்த ஐயோ பாவத்தில் ஒருத்தி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

மகளுக்கு ஆடி மூன்றாவது ஞாயிறு மொட்டை என்று முடிவானது. ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிறு மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமா குழுவில் வந்தார். கதரில் சட்டை, நெற்றியில் விபூதி, எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. புற்றைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணீரோடு கும்பிட்டார். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் அவர் மகளுக்குக் குழந்தையில்லை. எல்லோரும் நாரை பார்க்க நகர்ந்தபோது அவர் பின்தங்கி, போனை எடுத்துப் புற்றைப் படம் பிடித்து, இது சக்தி வாய்ந்த புற்று, கேட்டதைத் தருவாள் என்று தன் குரலிலேயே சொல்லி, சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார். யாரோ அதை வெளியில் விட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேலையில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். கேட் முன்னால் கார்கள் நிற்கின்றன, மாம்பலத்திலிருந்தும் எங்கிருந்தோவும் ஜனங்கள் பால் பாக்கெட்டும் முட்டையுமாக வந்திருக்கிறார்கள், வாட்ச்மேன் அண்ணன் சட்டையை ஒருவர் பிடிக்கிறார் என்றாள். எதிரில் எந்தப் பல் என்று காட்ட வாயைத் திறந்தபடி ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தார். அதற்குள் மாமாவின் குரலோடு அந்தப் படம் என் போனுக்கும் வந்து சேர்ந்தது.

மாமாவுக்குப் போன் செய்து கத்தலாம் என்றுதான் எடுத்தேன். அவரே முந்திக்கொண்டார். “ஆத்துல எல்லாரும் திட்டிண்டே இருக்கா. நான் நல்லது நெனச்சுதாம்மா பண்ணினேன்” என்றார். குரல் உடைந்திருந்தது. அதற்கு மேல் என்னால் கத்தவும் முடியவில்லை.

அடுத்த வாரம் வாட்ச்மேன் அண்ணனை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று கேட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்டில் புதுப் பூட்டு, சீருடை போட்ட புது ஆள். பூஜை, படையல் எதற்கும் அனுமதியில்லை என்று பலகை. அம்மாவும் மற்ற பெண்களும் கம்பிக்கு வெளியிலிருந்து மரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அன்றைக்கெல்லாம் அம்மா என் மகளின் முடியை மட்டும் விரலால் ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் அந்த ஆட்களைக் கூட்டிவந்தேன் என்று சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை.

வேறு கோயிலில் எடுத்துவிடலாம் என்றார் என் கணவர். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேர்க்குரு கொப்புளமாகி, பிள்ளை ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு அழுதது.

அக்காவின் அனுமதி மட்டும் ரத்தாகவில்லை. ஞாயிறு காலை எட்டுப் பேரும் ஒரு வழிகாட்டியும் உள்ளே போகலாம், புது ஆள் கூடவே வருவார். இதைக் கேட்ட மறு நிமிஷம் எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. வந்ததும் பயந்துபோனேன். இரண்டு நாள் விழுங்கி விழுங்கிப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். அந்த ஞாயிறு குழுவில் எங்கள் வீட்டு ஆட்கள் வரட்டும். பிடிபட்டால் நடையே நின்றுவிடும், தெரியும் இல்லையா என்றார் அக்கா. தெரியும் என்றேன். பிறகு அவரே, அந்த மலையில் அந்த ஆட்கள் தங்கள் சாமிகிட்டப் போக யாரிடமும் டிக்கெட் எடுக்கிறதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

எட்டுப் பேரைப் பொறுக்குவதற்குள் குடும்பம் இரண்டாகிவிட்டது. குழந்தை, அம்மா, என் கணவர், மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமனான என் தம்பி, தம்பி மனைவி, மொட்டை போடும் அண்ணன், மாமியார், நாத்தனார். அவ்வளவுதான். அப்பா தானாக ஒதுங்கிக்கொண்டு, மற்ற உறவுகளோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றார். அத்தை மட்டும், உன் கல்யாணத்துக்கு நான் வேணும், உன் பிள்ளை மொட்டைக்கு வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸே ஏறவில்லை.

அம்மா கூழை ஒரு பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தாள். குடிதண்ணீர் பாட்டிலில் மஞ்சள் தண்ணீர். மொட்டை போடும் அண்ணன் கத்தியைத் துண்டில் சுற்றி மதியச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்திருந்தார். கேட்டில் எல்லோர் கழுத்திலும் பார்வையாளர் அட்டையை மாட்டினேன். அம்மா தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னா எழுதிக்கீது இதுல?”

விசிட்டர் என்று போட்டிருக்கிறது என்றேன். அம்மா புடவைத் தலைப்பை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

புது ஆள் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். கூழ், குடிக்க என்றேன். விட்டுவிட்டார், ஆனால் பின்னாலேயே வந்தார். வேறு வழியில்லாமல் நான் வழக்கமான பேச்சை ஆரம்பித்தேன். இதோ இது அடையாறு, கடலில் கலக்கும் இடம் இங்கிருந்து அதிக தூரமில்லை என்று, அந்த ஆற்றில் துணி துவைத்த அம்மாவுக்கே சொன்னேன். தம்பி சிரிப்பை அடக்க இருமினான்.

மரத்தடிக்கு வந்துவிட்டோம். பூஜைக்கு அனுமதியில்லை என்ற பலகை அங்கேயும் இருந்தது. புது ஆள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இனி ஒரு நிமிஷம் தயங்கினாலும் கெட்டது என்று தோன்றியது. செய்தி வாசிக்கிற குரலிலேயே சத்தமாகச் சொன்னேன்.

“இங்கே வாழ்ந்த மக்கள் குழந்தையின் முதல் முடியை இந்தப் புற்றுக்குக் கொடுப்பார்கள். அது எப்படி நடக்கும் என்பதை இப்போது செய்து காட்டப் போகிறோம்.”

புது ஆள் கட்டிய கையை அவிழ்த்தார். தடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். “இதுவும் நிகழ்ச்சியில உண்டா?” என்றார். உண்டு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, இன்னும் நன்றாகப் பார்க்க ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார்.

தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மகள் வீறிட்டு அழுதாள். கத்தி நெற்றியிலிருந்து மேலே போகப் போக, வேர்க்குரு நிறைந்த சின்னத் தலை வெளியே வந்தது. நாத்தனார் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். என் கணவர் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பேச்சை நிறுத்தவேயில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. இது வேப்பமரம், இது கரையான் கட்டிய புற்று, ஆடியில் இப்படிக் கூழ் ஊற்றுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா பாட்டிலைத் திறந்து, நான் சொல்வதைச் செய்து காட்டுகிறவள் போலப் புற்றின் மேல் கூழை ஊற்றினாள். பாட்டில் காலியாகும் வரை அம்மனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“இங்க இருந்தவங்கல்லாம் இப்ப எங்க கீறாங்கம்மா?”

விளையாட்டுக்குக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. முகத்தில் சிரிப்பில்லை. புது ஆளும் பதிலுக்காக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

“அவர்களுக்கு மாற்று இடம் தரப்பட்டது.”

“ஐயோ பாவம்” என்றாள் அம்மா.

நேரமாகிவிட்டது என்றார் புது ஆள். நாரை பார்க்காமலே திரும்பினோம். கேட்டில் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கினேன். அம்மா தன்னுடையதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் தன் பேரைப் போட்டு வைக்கச் சொன்னாள்.