கையெழுத்துப் போடாத எட்டு நாள்

கல்யாணம் முடிந்த கையோடு பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. கணவருக்கு அங்கேயே ஃபேக்டரியில் வேலை. எட்டு வீடுகளை ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. சாரலும் காற்றும் முதலில் எங்கள் சுவரில்தான் வந்து அடிக்கும். ஆனால் சுவரை ஒட்டி ஒரு சரிவு சும்மா கிடந்தது. தேயிலை வைக்க முடியாத அளவுக்கு அதில் கல். மேலே உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது.

காய்கறி அங்கே வாரம் ஒருமுறை கம்பத்திலிருந்து ஜீப்பில் வரும். வந்து சேர்வதற்குள் தக்காளி கசிந்திருக்கும், கத்திரிக்காய் சுருங்கியிருக்கும். நான் திருநெல்வேலிப் பக்கம் கிணற்றடியில் காய் பறித்து வளர்ந்தவள். வாடியதைப் பொறுக்கி வாங்குவது எனக்கு அவமானமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சரிவில் கல் பொறுக்கத் தொடங்கினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். கேட்டால் கிடைக்காது என்று தெரியும்.

இரண்டு வருடத்தில் அங்கே பீன்ஸ் பந்தல் நின்றது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வேலியோரம் சௌசௌக் கொடி. கூடவே மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். ஒரு காது பாதி இல்லாத செவலை நாய் தானாக வந்தது. பந்தலின் கீழ்ப்பகுதியில் எட்டுகிற பிஞ்சு பீன்ஸை எல்லாம் அது கடித்துத் தின்றுவிடும். அடித்துப் பார்த்தேன், திருந்தவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கீழே காய்ப்பது அதற்கு என்று விட்டுவிட்டேன். மற்ற இரண்டும் குமுளிச் சந்தையில் குஞ்சாக வாங்கிய வாத்துகள். கோஸ் பாத்தியில் நத்தை ஒன்றைக்கூட அவை விட்டுவைத்ததில்லை.

அந்த வருடம் மழை விட்ட சமயத்தில் புதிதாக ஒரு சின்னத்துரை வந்தார். உதவி மேனேஜரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கம்பெனி ஆட்கள் எஸ்டேட்டைப் பார்க்க வருகிறார்கள், ஜீப் ரோட்டிலிருந்து பார்த்தால் லயத்துப் பக்கம் அசிங்கமாகத் தெரிகிறது என்று அவர் முடிவு செய்தார். பந்தல், வேலி, ஆடு, கோழி, நாய் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு தாளில் எல்லோரும் ஒப்பு போட வேண்டும். கையெழுத்துக்கு எங்கள் எஸ்டேட்டில் ஒப்பு என்றுதான் சொல்வோம்.

எங்கள் லயத்தில் ஆடு வைத்திருந்தவர்கள் போட்டார்கள். கோழி வைத்திருந்தவர்களும் போட்டார்கள். ஆபீசில் என் முறை வந்தபோதுதான் பார்த்தேன், தாள் மலையாளத்தில் இருந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார்" என்றேன் கிளார்க்கிடம்.

அவர் சலித்துக்கொண்டே தமிழில் சொன்னார். எஸ்டேட் நிலத்தில் தெரியாமல் செடி வைத்துவிட்டேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஒரு வாரத்தில் அழித்துவிடுகிறேன், இனி மிருகங்களை வளர்க்க மாட்டேன்.

"தெரியாம வைக்கல சார். தெரிஞ்சுதான் வச்சேன்."

கிளார்க் நிமிர்ந்து சின்னத்துரையைப் பார்த்தார். சின்னத்துரை என்னைப் பார்க்காமலே, "ஒப்பு போடுற வரைக்கும் இவளுக்கு வேலை கொடுக்க வேண்டாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைக் கேட்டதும் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "வீடு அவங்க வீடு புள்ள. நாளைக்கு எறங்குன்னா எங்க போவோம்?"

"எறங்குன்னு சொல்லட்டும், அப்பப் பாத்துக்குவோம். இப்ப மன்னிப்புல்லா கேக்கச் சொல்லுதாக. என்ன தப்புப் பண்ணுனேன்னு நீங்களாவது சொல்லுங்க."

அவர் எழுந்து போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை எல்லோரும் கூடையை மாட்டிக்கொண்டு போனபிறகு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சரிவில் போய் நின்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இரண்டு வருடமாக நான் வளர்த்த தோட்டத்தை, ஞாயிறு தவிர, பகல் வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. கல் பொறுக்கி முடிந்த பிறகு ஞாயிறும் துணி துவைப்பதிலும் ரேஷன் வரிசையிலும் போய்விடும். விடிகிற நேரத்து மூட்டத்திலும், வேலை முடிந்து வந்த மங்கலிலும்தான் அதில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பத்து மணி வெயிலில் பீன்ஸ் பூவில் இத்தனை தேனீ வரும் என்று எனக்குத் தெரியாது. வாத்துகள் பதினொரு மணிக்குக் கோஸ் நிழலில் தலையை முதுகில் செருகித் தூங்கும் என்று தெரியாது. செவலை எழுந்து எழுந்து நிழலோடு இடம் மாறிப் படுத்தது. நானும் அதன் கூடவே மாறி மாறி உட்கார்ந்தேன்.

தண்டனை கொடுத்தவர்களுக்கு இது தெரிந்தால் வயிறு எரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்பே இனித்தது. மூன்று கல்லை வைத்து அங்கேயே அடுப்பு மூட்டினேன். பறித்த சூட்டோடு பீன்ஸ் தாளித்து, சோற்றைத் தட்டில் போட்டுப் பந்தலடியில் காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டேன். கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள் மேல்பாதையில் நின்று பார்த்தார்கள்.

"ஏ மகராசி! தொரைசாணி மாதிரில்லா இருக்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

"வாங்களேன், வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க!" என்று நானும் கத்தினேன். கை நிறைய பீன்ஸை அவள் கூடைக்கு எறிந்தேன். பாதி பாதையில் விழுந்தது. சிரித்துக்கொண்டே பொறுக்கிப் போனார்கள்.

ஐந்தாம் நாள் வாட்ச்சர் துப்பாக்கியோடு வந்தார். வயதான மலையாளி. "மோளே, பட்டிய வெளிய விடு. எனிக்கு ஓர்டர் உண்டு" என்றார். பட்டி என்றால் அவர் பாஷையில் நாய், ஆர்டர் அதைச் சுடத்தான்.

வேகமாக நடந்து போய்க் கொடிக்கயிற்றை எடுத்து வந்தேன். ஒரு முனையைச் செவலையின் கழுத்தில் கட்டினேன். மறுமுனையை என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நாயோ விளையாட்டென்று நினைத்து என் மேல் தாவியது.

"இப்பச் சுடுங்க" என்றேன்.

அவர் கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சாயா உண்டோ?" என்று கேட்டார். பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசில் போய், பட்டியைக் காணவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

அன்று சாயங்காலம் கணவர் ஃபேக்டரியிலிருந்து வரும்போது தோளில் நாலு மூங்கில் கொண்டுவந்தார். சாய்ந்துகொண்டிருந்த பந்தல் காலை மாற்றி நட்டார். நான் கயிறு எடுத்துக் கொடுத்தேன்.

மழைக்குப் பின் வெயில் அடித்தால் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும். இரண்டு நாள் தாமதித்தால் முற்றிவிடும். எங்கள் மலையில் என் அளவுக்குப் பறிக்கிற கை நாலைந்துதான் இருந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, தராசு சொன்னது. எட்டாம் நாள் மத்தியானம் கங்காணி வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுதாக."

"ஒப்பு?"

"அதப்பத்தி ஒண்ணும் சொல்லல."

"நாளைக்கு முடியாது அண்ணாச்சி. கெழங்கு தோண்டணும். நாள மறுநாள் வாரேன்."

"ஏ புள்ள, வெளையாடாத!"

"வெளையாடல. தோண்டலைன்னா மண்ணுக்குள்ளயே அழுகிரும். நான் சொன்னதா அப்படியே சொல்லிருங்க."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே போனார். அடுத்த நாள் முழுக்கக் கிழங்கு தோண்டினேன். செவலை பக்கத்தில் தானும் குழி தோண்டியது. வாத்துகள் கிளறிய மண்ணில் புழு தேடின. அதற்கடுத்த காலையில்தான் கூடையை மாட்டினேன்.

கம்பெனி ஆட்கள் பிறகு ஒருநாள் வந்தார்கள். ஜீப் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பங்களாவில் சாப்பிட்டுவிட்டு ஃபேக்டரியைப் பார்த்துப் போய்விட்டார்கள். சின்னத்துரை மட்டும் சில மாதம் என்னை எதிரே கண்டால் வேறு பக்கம் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். அடுத்த மழைக்கு முன்னால் அதே லயத்தில் ஒப்பு போட்டிருந்த இரண்டு பெண்கள் என்னிடம் விதைக்கிழங்கு கேட்டு வந்தார்கள். முந்தானை நிறையக் கொடுத்தேன். யாரிடமாவது சொல்லிவிட்டு நட வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள்.

"கெழங்குட்ட சொல்லு, போதும்" என்றேன்.