மாட்டு ஏலத்தில் தூக்காத கை

நான் இப்போது இருக்கும் வில்லரேயில், மரக்கறிக் கடை வாசலில், பூசணிக்காய்களுக்கு அடியில் பரப்பிய வைக்கோல் மழையில் நனைந்து மணந்ததும், என் கைகள் தாமாகவே கோட்டுப் பைக்குள் போய்விட்டன. சின்ன வயதில் நாங்கள் இருந்த இங்கிலாந்துப் பட்டணத்தில் புதன்தோறும் மாட்டுச் சந்தை. சாணமும் ஈர வைக்கோலும் மணக்க, இரும்புக் கம்பிகள் கணகணக்க, ஏலக்காரன் மூச்சுவிடாமல் விலை கூவ, அப்பா குனிந்து, "கையைத் தூக்கிப்போடாதை பிள்ளை, மாட்டை எங்கடை தலையிலை கட்டிப்போடுவாங்கள்" என்பார்.

ஒருநாள் சனத்துக்குள் தொலைந்துபோனேன். "எங்கை நிக்கிறாய்? கையைத் தூக்கு!" என்று அப்பாவின் குரல் உடைந்து கேட்டது. ஏலக்காரனோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கினால் மாடு வரும், தூக்காவிட்டால் அப்பா வரமாட்டார். நான் தூக்கவில்லை.

அந்தச் சந்தை இப்போது கார் நிறுத்துமிடம். இங்கே, கடைக்கு எதிர்ப்பக்கப் பஸ் தரிப்பில் இறங்கிய என் மகள் என்னைக் கண்ணால் தேடுகிறாள். என் கை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.